மருட்கையும் இரவலும்: மாய நிகழ்த்துகலை பிற கலைகளிடம் பெறும் படைப்பூக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மாயக்கலை நிகழ்த்துநர்கள் நாடகம், இசை, ஓவியம், கவிதை, கைவினை முதலிய பிற துறைகளிலிருந்து படைப்பூக்கம் பெறுவது நெடுங்கால வழக்கம். அவ்வாறு பெறப்படுவன யாவும் ஒரே தன்மையன அல்ல. உடை, பெயர், அரங்கப் பொருள் முதலியவற்றைப் பெறுவதைத் ‘தோற்ற இரவல்’ என்றும், காலம், ஒழுங்கு, முடிப்பு முதலியவற்றை உள்வாங்குவதை ‘அமைப்பு இரவல்’ என்றும் இக்கட்டுரை பகுக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் மருட்கையின் நிலைக்களன்களை அளவுகோலாகக் கொண்டு, 19, 20 ஆம் நூற்றாண்டுகளின் சில நிகழ்த்துகைகளை மதிப்பிடுகிறது. அம்மதிப்பீட்டின் வழித் தமிழ் நிகழ்த்துகலை மரபு மாயக்கலைக்குத் தரக்கூடியவற்றையும் சுட்டுகிறது.

திறவுச் சொற்கள்: மாயக்கலை, மருட்கை, மெய்ப்பாடு, தோற்ற இரவல், அமைப்பு இரவல், செப்பிடுவித்தை, தெருக்கூத்து.

முன்னுரை

செப்பிடுவித்தை, கண்கட்டுவித்தை, இந்திரசாலம், மோடிவித்தை, மாயாஜாலம் எனத் தமிழில் மாயக்கலைக்குப் பெயர்கள் பல உண்டு. செம்பினாலான சிறு கிண்ணங்களையும் பந்துகளையும் கொண்டு செய்யப்படும் வித்தையைக் குறித்த ‘செப்பிடுவித்தை’ என்னும் சொல் இன்று பெரும்பாலும் அரசியல் மேடையிலும் செய்தித்தாளிலும் ஏமாற்று என்ற பொருளிலேயே வழங்குகிறது. ‘கண்கட்டுவித்தை’யின் நிலையும் அதுவே. ஒரு கலையின் பெயர் வசைச்சொல்லாகிவிட்ட பின்னர் அக்கலையைத் திறனாய்வுக்கு உரியதாகக் கருதுவது எளிதன்று. கூத்து, பாவைக்கூத்து, கரகம் ஆகியன தமிழ் ஆய்வுலகில் பெற்றுள்ள கவனத்தோடு ஒப்பிட, தெருமுனை வித்தைக்காரரும் மேடை மாயக்கலைஞரும் பெற்றிருப்பது மிகக் குறைவு.

இக்குறைவுக்கு மாயக்கலைஞர்களின் பக்கமும் ஒரு காரணம் உண்டு. வித்தையின் செய்முறையைக் காப்பதிலேயே அவர்தம் அக்கறை பெரிதும் செலவாகிறது. ஒரே பெட்டி, ஒரே துணி, ஒரே வசனம் என நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று ஒத்துவிடுகின்றன. இத்தேக்கத்திற்கு மருந்தாகப் ‘பிற கலைகளைப் பாருங்கள்’ என்னும் அறிவுரை வழங்கப்படுகிறது. அறிவுரை நன்றே. ஆனால் பார்த்து எதை எடுத்துக்கொள்வது என்ற வினாவுக்கு அதில் விடையில்லை. அவ்வினாவே இக்கட்டுரையின் பொருள்.

1. மருட்கை என்னும் அளவுகோல்

மாயக்கலை தரும் முதன்மை உணர்வு வியப்பு. தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக இதனை மருட்கை என்று வகுத்து, அது தோன்றும் களன்களாக ஆக்கம், சிறுமை, பெருமை, புதுமை என்னும் நான்கைக் கூறுகிறது. இதுவரை காணாததைக் காண்பது புதுமை. அளவில் மிக்கதைக் காண்பது பெருமை. மிக நுண்ணியதைக் காண்பது சிறுமை. ஒன்று மற்றொன்றாகத் திரிவதைக் காண்பது ஆக்கம்.

இந்நான்கனுள்ளும் நிலைபேற்றில் வேறுபாடு உண்டு. புதுமை ஒரு முறையே புதுமை. இரண்டாம் முறை அது பழகிய பொருளாகிவிடும். பெருமை அதனினும் பெரியது வரும்வரை நிற்கும். நுண்மை, காண்பவன் கூர்ந்து நோக்கும் அளவுக்கு வளரும் இயல்பினது. ஆக்கமோ, நிகழ்வதன் ஒழுங்கில் தங்கியிருப்பதால் முடிவு தெரிந்த பின்னும் மீண்டும் காணத் தூண்டுகிறது. விதை மரமாவது தெரிந்ததே எனினும், முளை மண்ணைப் பிளக்கும் கணம் சலிப்பதில்லை. ஆகவே, பிற கலையிலிருந்து பெற்ற ஒன்று இந்நான்கனுள் எதனை வளர்க்கிறது என்று கேட்பது அவ்விரவலின் தகுதியை அறியும் வழியாகும். மெய்ப்பாட்டியல் செய்யுளுக்கு வகுக்கப்பட்டதெனினும், காண்போனிடத்துத் தோன்றும் உணர்வைப் பற்றியதாகலின் நிகழ்த்துகலைக்கும் பொருந்துவதே.

2. தோற்ற இரவல்

1861 இல் பிறந்த வில்லியம் எல்ஸ்வொர்த் ராபின்சன் என்னும் அமெரிக்கர், சீனக் கலைஞர் சிங் லிங் ஃபூவின் புகழைக் கண்டு ‘சுங் லிங் சூ’ என்னும் பெயரைப் புனைந்துகொண்டார். சீன உடை, சடை, சீன அரங்கப் பொருள்கள் ஆகியவற்றோடு மேடையேறினார். மேடையில் ஆங்கிலம் பேசாதிருந்தார். செய்தியாளரிடத்தும் மொழிபெயர்ப்பாளர் வழியே உரையாடினார். 1918 மார்ச்சில் இலண்டன் வுட் கிரீன் எம்பயர் அரங்கில், துப்பாக்கிக் குண்டைக் கையால் பிடிக்கும் வித்தையின்போது குண்டு உண்மையாகவே பாய்ந்து உயிர் நீத்தார். அவர் சீனர் அல்லர் என்பது அதன் பின்னரே பொதுமக்களுக்குப் பரவலாகத் தெரியவந்தது.

ராபின்சன் தேர்ந்த தொழில்நுட்பர் என்பதில் ஐயமில்லை. எனினும் அவர் சீன நிகழ்த்துமரபிலிருந்து பெற்றது பெரும்பாலும் அதன் புறத்தோற்றமே. அத்தோற்றம் மேலைப் பார்வையாளருக்குப் புதுமை தந்தது. புதுமை நீடிப்பதற்கோ ஒரு மனிதர் தம் வாழ்நாள் முழுதும் தம் குரலை மறைக்க வேண்டியதாயிற்று. மேலும், அத்தோற்றத்திற்கு உரிமையுடைய சீனக் கலைஞர் அதே நகரில் போட்டியாளராக நிற்க நேர்ந்தபோது, நகல் மூலத்தைவிட அதிகம் விலைபோனது. தோற்ற இரவலில் அழகியல் குறையோடு அறக்குறையும் சேர்ந்தே வருவதை இந்நிகழ்வு காட்டுகிறது.

பி. சி. சர்க்காரின் (1913–1971) நிலை இதனின் வேறானது. வங்கத்தைச் சேர்ந்த அவர் மகாராஜா உடையும் தலைப்பாகையும் அணிந்து ‘இந்திரஜால்’ என்னும் பெருநிகழ்ச்சியை உலகெங்கும் நடத்தினார். அவ்வுடை அரசவையின் ஆடம்பரத்தை மேடைக்கு இரவல் பெற்றது. கிழக்கைப் பற்றி மேற்கு கொண்டிருந்த கற்பனைக்கு விடையாகவும் அமைந்தது. பெருமையும் புதுமையும் அதன் பயன்கள். ஆயினும் சர்க்காரை அவ்வுடையோடு நிறுத்திவிடும் மதிப்பீடு குறையுடையது. அவரிடம் அமைப்பு சார்ந்த நுட்பங்கள் இருந்தன.

3. அமைப்பு இரவல்

சர்க்காரின் நிகழ்ச்சியில் ‘இந்திய நீர்’ என்றழைக்கப்பட்ட ஒரு வித்தை இடையிடையே வந்துபோகும். ஒரு செம்பிலுள்ள நீர் முழுவதும் கவிழ்க்கப்படும், செம்பு காலியாகும். வேறு வித்தைகள் சில நிகழ்ந்தபின் அவர் அதே செம்பிடம் திரும்புவார். அதிலிருந்து மீண்டும் நீர் கொட்டும். தனியே நோக்கின் இது எளிய வித்தை. ஆனால் அது திரும்பி வரும் முறையால் நிகழ்ச்சி முழுமைக்கும் ஒரு பல்லவியாகிறது. இசையில் அனுபல்லவியும் சரணமும் கடந்து பல்லவிக்குத் திரும்பும்போது கேட்போர் பெறும் நிறைவை இங்கே காண்போர் பெறுகின்றனர். சர்க்கார் இசையை நோக்கியே இதனை அமைத்தார் என்பது நமது கூற்றன்று. இவ்வமைப்பின் பயன் இசையின் வழி விளங்குகிறது என்பதே கூற்று.

1956 ஏப்ரலில் பி.பி.சி. தொலைக்காட்சியில் அவர் ஓர் இளம்பெண்ணை மின்வாளால் இரண்டாக அறுக்கும் வித்தையை நேரலையில் நிகழ்த்தினார். அறுத்து முடிந்த பெண் எழுந்து வருவதைக் காட்டுமுன் ஒளிபரப்பு முடிந்துவிட்டது. அவள் உயிரோடிருக்கிறாளா என்று கேட்டுப் பார்வையாளர்கள் பி.பி.சி.யைத் தொலைபேசியில் அழைத்தனர். மறுநாள் அது செய்தியாயிற்று. மேடை நிகழ்ச்சிக்கு முடிவு இன்றியமையாதது. நேரலைத் தொலைக்காட்சிக்கோ கடிகாரமே முடிவு. வித்தையின் முடிவு நின்றுபோக, அச்சமும் மருட்கையும் வீடுகளுக்குள் தங்கிவிட்டன. ஊடகத்தின் எல்லையே நிகழ்த்துகையின் உறுப்பாயிற்று.

இத்தகைய உள்வாங்கலுக்கு முற்பட்ட சான்று, பிரான்சின் ரொபேர்-ஊதேன் (1805–1871). பின்னாளில் ஹூடினி தம் மேடைப்பெயரை அமைத்துக்கொண்டது இவர் பெயரைத் தழுவியே. அடிப்படையில் கடிகாரத் தொழிலாளரான இவர் 1845 இல் பாரிசில் தமது அரங்கைத் தொடங்கினார். மந்திரவாதியின் நீளங்கியை விடுத்து, அக்காலக் கனவான்கள் மாலை விருந்துக்கு அணியும் உடையில் தோன்றினார். மேடையை ஒரு வரவேற்பறை போல் அமைத்தார். அவரது ‘ஆரஞ்சு மரம்’ ஒரு பெண்மணியிடம் கைக்குட்டையை இரவல் வாங்குவதில் தொடங்குகிறது. கைக்குட்டை மறைகிறது. மேடையிலுள்ள சிறு மரம் பூத்துக் காய்க்கிறது. பழங்கள் பறித்துப் பார்வையாளருக்கு அளிக்கப்படுகின்றன. எஞ்சிய ஒரு பழம் பிளக்க, இரு வண்ணத்துப்பூச்சிகள் அக்கைக்குட்டையைத் தூக்கி விரிக்கின்றன.

இந்தியத் தெருக்களில் நிகழ்ந்துவந்த மாங்கன்று வித்தையும் மரம் வளர்வதைப் பற்றியதே. அங்கே கொட்டை நடப்படும். துணியால் மூடித் திறக்குந்தோறும் கன்று ஒரு படி வளர்ந்திருக்கும். இரண்டும் ஆக்கத்தைக் களனாகக் கொண்டவை. தெரு வித்தையில் வளர்ச்சி துணிக்குப் பின் நிகழ, அதனைக் காண்போரின் மனம் நிரப்பிக்கொள்கிறது. ரொபேர்-ஊதேன் கடிகாரக் கைவினையின் பொறிநுட்பத்தால் வளர்ச்சியைக் கண்முன் நிகழ்த்துகிறார். அதனினும் முக்கியமானது கைக்குட்டை. தொடக்கத்தில் இழந்த பொருள் இறுதியில் மீள்வதால் வித்தைக்குக் கதையின் வட்டம் கிடைக்கிறது. கடிகாரத்திலிருந்து இயக்கமும் நாடகத்திலிருந்து முடிப்பும் பெறப்பட்டன. ஆனால் மேடையில் கடிகாரமும் தென்படவில்லை, நாடகமும் தென்படவில்லை. அமைப்பு இரவலின் இயல்பு இதுவே: பெற்றது எதுவென்று காண்போர் அறியார், அதன் பயனை மட்டும் உணர்வர்.

சிறுமை என்னும் களனுக்கு அர்ஜென்டினாவின் ரெனே லவாந்த் (1928–2015) சான்றாவார். சிறுவயதில் வலக்கையை இழந்த அவர் இடக்கையால் மட்டுமே சீட்டு வித்தைகளைச் செய்தார். மாற்றி மாற்றி அடுக்கப்பட்ட சிவப்பு, கறுப்புச் சீட்டுகள் நிறம்வாரியாகப் பிரிந்து சேரும் பழைய வித்தையை அவர் பலமுறை செய்து காட்டுவார். ஒவ்வொரு முறையும் முன்னதைவிட மெதுவாகச் செய்வார். கையின் வேகமே வித்தையின் இரகசியம் என்னும் பொதுநம்பிக்கை அங்கே உடைகிறது. கதையும் கவிதையும் சொல்லும் நிதானமே அவர் கைகளுக்கு உரிய காலப்பிரமாணமாயிற்று. விளம்ப காலத்தில் பாடும்போது சுருதிப் பிழைக்கு மறைவிடம் இல்லை. லவாந்தின் மெதுவும் அத்தகைய துணிவே.

4. நிழலும் சட்டமும்

பென் அண்டு டெல்லர் இணையருள் ஒருவரான டெல்லரின் ‘நிழல்கள்’ என்னும் நிகழ்த்துகை இவ்வாய்வுக்குத் தனிச்சிறப்புடைய சான்று. மேடையில் ஒரு பூச்சாடி. அதில் ஒரு ரோஜா. ஒளி பட்டு அதன் நிழல் பின்னுள்ள வெண்திரையில் விழுகிறது. கத்தியோடு வருபவர் பூவின் அருகே செல்லாமல் திரையருகே சென்று நிழலின் இலையை அறுக்கிறார். சாடியிலுள்ள மெய்யான இலை உதிர்கிறது. நிழலின் இதழ்கள் ஒவ்வொன்றாக அறுபட, மெய்யான இதழ்களும் உதிர்கின்றன. இறுதியில் கத்தி அவர் விரலில் பட, திரையிலுள்ள கையின் நிழலிலிருந்து குருதி வழிகிறது. ஒரு சொல்லும் பேசப்படுவதில்லை.

இங்கே ஓவியத்தின் அசையாப்பொருள் காட்சியும், ஊமைநடிப்பின் மௌனமும், கொலைக்கதையின் முறைமையும் ஒருங்கிணைந்துள்ளன. பொருள் காரணம், நிழல் காரியம் என்னும் இயற்கை முறை தலைகீழாகிறது. இதுவே ஆக்கத்தின் உச்சம்: ஒரு பொருள் வேறொன்றாகத் திரியவில்லை, காரண காரிய உறவே திரிகிறது.

2012 இல் ஐரோப்பிய நிகழ்த்துநர் ஒருவர் இதனை ஒத்த நிகழ்ச்சியின் காணொளியை இணையத்தில் வெளியிட்டு, அதன் செய்முறையை விற்க முன்வந்தார். டெல்லர் வழக்குத் தொடர்ந்தார். 2014 இல் அமெரிக்காவின் நெவாடா மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றம் அளித்த முடிவு கருதத்தக்கது. மாயவித்தை என்ற அளவில் அதற்குப் பதிப்புரிமை இல்லை. ஆனால் ‘நிழல்கள்’ 1983 இல் நாடகப் படைப்பாகப் பதிவு செய்யப்பட்டிருந்தது. ஊமைநடிப்பும் நாடகப் படைப்பும் சட்டத்தின் காப்பைப் பெறுவன. ஆகவே அதற்கும் காப்பு உண்டு என்பது முடிவு. தமது செய்முறை வேறு என்னும் எதிர்வாதம் ஏற்கப்படவில்லை. காண்போர் அறியாத செய்முறை வேற்றுமை, படைப்பின் ஒற்றுமையை மாற்றாது.

இத்தீர்ப்பைத் திறனாய்வு நோக்கில் வாசிக்கலாம். மாயக்கலைஞர்கள் தம் உடைமையாகக் காத்துவரும் இரகசியம் சட்டத்தின் கண்ணில் படைப்பாகவில்லை. அசைவு, மௌனம், ஒளி, வரிசை எனப் பிற கலைகளோடு பகிர்ந்துகொண்ட கூறுகளே படைப்பாயின. மாயக்கலை பிற கலைகளிடம் எந்த அளவு அமைப்பைக் கற்றதோ அந்த அளவே அது தனக்குரிய ஒரு படைப்பை உடையதாகிறது என்பது இதனால் பெறப்படும்.

5. புனைவு என்னும் எல்லை

அவ்வாறாயின் மாயக்கலை நாடகமாகவோ திரைப்படமாகவோ ஆகிவிடலாமே என்ற வினா எழும். ஆகக்கூடாது, காரணம் புனைவின் உடன்படிக்கை. புராண நாடகத்தில் அம்பு பறப்பதும் தெய்வம் மறைவதும் கதைக்குள் இயல்பானவை. ஆர். எஸ். மனோகரின் ‘இலங்கேஸ்வரன்’ முதலிய நாடகங்களின் தந்திரக் காட்சிகளுக்குத் தமிழ்ப் பார்வையாளர் கைதட்டியபோது, இராவணனின் ஆற்றலை வியந்ததோடு அரங்க அமைப்பாளரின் திறனையும் வியந்தனர். கதைக்குள் எதுவும் நிகழலாம் என்று முன்னரே இசைந்துவிட்ட மனம், நிகழ்ந்தது நிகழக்கூடாதது என்று உணர்வதில்லை. மாயக்கலையோ ‘இது இவ்வுலகில், இவ்விடத்தில், இப்போது நிகழ்கிறது’ என்னும் உடன்படிக்கையில் நிற்பது.

ஜார்ஜ் மெலியஸின் (1861–1938) வாழ்வு இவ்வெல்லையை விளக்குகிறது. 1888 இல் ரொபேர்-ஊதேன் பெயரிலமைந்த அரங்கை விலைக்கு வாங்கி நடத்திய அவர், 1896 இல் ஒரு பெண் மறையும் மேடை வித்தையைப் படமாக்கினார். அவ்வித்தை புவாத்தியே டி கோல்டா பத்தாண்டுகளுக்கு முன் உருவாக்கியது. மேடையில் கீழ்க்கதவு இல்லை என்று நம்பவைக்க நாற்காலியின் அடியில் செய்தித்தாள் விரிக்கப்படும். படத்திலும் மெலியஸ் செய்தித்தாளை விரிக்கிறார். ஆனால் அங்கே கீழ்க்கதவுக்கே தேவையில்லை. ஒளிப்பதிவை நிறுத்திப் பெண்ணை அகற்றி மீண்டும் தொடங்கினால் போதும். அத்தாள் மேடையின் எச்சம். படத்தில் பெண்ணின் இடத்தில் ஓர் எலும்புக்கூடு தோன்றுகிறதே, அது திரைப்படத்திற்கே உரிய புதுவரவு. அந்த ஒரு படத்திற்குள்ளேயே வித்தை தன் உடன்படிக்கையை இழந்து வேறொரு கலையாகப் பிறப்பதைக் காண்கிறோம். திரைப்படத்திற்கு அது தொடக்கம். மாயக்கலைஞர் அங்கே கற்கவேண்டியது வெட்டும் காலமும் எதிர்பாரா இணைப்பும். விடவேண்டியது, எதுவும் நிகழலாம் என்னும் வசதி.

6. தமிழ் மரபு தரக்கூடியவை

மேற்கூறியவற்றின் ஒளியில் தமிழ் நிகழ்த்துகலைகளை நோக்கினால் தோற்றத்தைவிட அமைப்பிலேயே வளம் மிகுதி என்பது தெரியும். வேட்டியும் பரிவட்டமும் அணிந்து பழைய பெட்டி வித்தையைச் செய்வது தமிழ் மாயக்கலை ஆகிவிடாது.

தெருக்கூத்தில் முதன்மைப் பாத்திரத்தின் வருகையை நினைக்கலாம். இருவர் துணியைப் பிடித்து நிற்பர். அதன் பின்னிருந்து பாடல் எழும், சலங்கை ஒலிக்கும், மகுடத்தின் உச்சி மட்டும் தெரியும். பின் கூத்தர் சிறிது சிறிதாக வெளிப்படுவார். துணிக்குப் பின் யார் என்பது அவைக்குத் தெரியும். எனினும் ஆவல் குறைவதில்லை. மாயக்கலையின் துணியோ ஐயத்தையே எழுப்புகிறது. மறைப்பை வெளிப்படையாக்கி அதனையே எதிர்பார்ப்பாக மாற்றும் கூத்தின் திரையில் மேடை மாயக்கலைஞர் கற்க நிறைய உண்டு.

தனி ஆவர்த்தனத்தில் கோர்வை மும்முறை சுழன்று உரிய இடத்தில் வந்து விழும்போது அவை முழுதும் ஒருசேரத் தளர்ந்து கைதட்டுகிறது. அத்தளர்வின் கணத்தில் எவரும் கலைஞரின் கையை நோக்குவதில்லை. மாயக்கலையில் கவனத் திசைதிருப்பல் என்பது, வேறிடத்தைப் பார்க்கச் செய்வதோடு, கூர்மை தளரும் காலத்தை உருவாக்குவதுமாகும். அக்காலத்தை எவ்வாறு கட்டுவது என்பதற்குத் தாளக்கணக்கு ஆயத்தமான இலக்கணத்தை வைத்திருக்கிறது.

தெருமுனை மோடிவித்தைக்காரரும் இவ்வமைப்பறிவு உடையவரே. பாம்புக்கும் கீரிக்கும் சண்டை விடுவதாகத் தொடக்கத்தில் அறிவித்துக் கூட்டம் சேர்ப்பார். கூடை அருகில் இருக்கும். சண்டை மட்டும் கடைசிவரை நிகழாது. துணி போர்த்திக் கிடத்தப்பட்ட சிறுவனோடு அவர் நடத்தும் வினா விடையில் கட்டியங்காரனின் உரையாடல் முறை ஒலிக்கிறது. இதனை வெறும் பிழைப்புத் தந்திரம் என்று தள்ளிய நாம், நிறைவேறா வாக்கைக் கொண்டு ஒரு மணி நேரக் கூட்டத்தைக் கட்டிவைக்கும் நாடக அமைப்பாக அதனைப் பதிவு செய்யத் தவறினோம். வித்தைக்காரர்கள் தெருக்களிலிருந்து அருகிவரும் இந்நாளில், பிழைத்திருப்போரின் வசன ஒழுங்கையும் நிகழ்வு வரிசையையும் ஒலி, காட்சி வடிவில் தொகுப்பது நாட்டார் வழக்காற்றியல் துறைகளின் உடனடிக் கடமை. அவர்தம் செய்முறை இரகசியங்களைக் கேட்காமலேயே அப்பணியைச் செய்ய முடியும். அமைப்பு வெளியில்தான் இருக்கிறது.

முடிவுரை

மாயக்கலை பிற கலைகளிடம் தோற்றத்தை இரவல் பெறும்போது புதுமையும் பெருமையும் விளைகின்றன. அவை விரைவில் தேய்கின்றன. சுங் லிங் சூவின் வாழ்வில் கண்டதுபோல் பிறர்க்குரியதைக் கவர்வதாகவும் முடிகின்றன. அமைப்பைப் பெறும்போது நுண்மையும் ஆக்கமும் வளர்கின்றன. ரொபேர்-ஊதேனின் கைக்குட்டை, சர்க்காரின் செம்பு, லவாந்தின் மெது, டெல்லரின் நிழல் ஆகியன அதற்குச் சான்றுகள். எனினும் புனைவின் உடன்படிக்கையைச் சேர்த்துப் பெறின் மருட்கையே கைநழுவும்.

‘செப்பிடுவித்தை’ என்னும் சொல்லை வசையிலிருந்து மீட்பது அகராதியால் ஆகும் செயலன்று. அவ்வித்தையை ஒரு படைப்பாகக் கண்டு, அதன் தொடக்கம், திருப்பம், முடிப்பு ஆகியவற்றைக் கூத்தையும் கீர்த்தனையையும் பேசும் அதே கவனத்தோடு பேசத் தொடங்கினால் அச்சொல் தானே தன் பொருளைத் திரும்பப் பெறும். அப்பேச்சைத் தொடங்குவதற்கான அளவுகோல் நம் இலக்கணத்திலேயே உள்ளது என்பது இக்கட்டுரையின் துணிபு.